விசில் கழற்றிய கெட்டில்

பாய்லர்காரருக்கு மிஞ்சியவை இரண்டே சொற்கள். ஒன்று பூதம், இன்னொன்று கெட்டில். பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் முடக்கிப் போட்டதோடு நிற்காமல் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. காது நன்றாகக் கேட்டது, எதிரில் சொல்வதெல்லாம் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் மட்டும் இந்த இரண்டில் ஒன்றுதான் வந்து விழும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவர் இவரைப் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டுமே அவருடைய பழைய சரக்குதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் அடித்தளத்தில் அவர் காலமெல்லாம் கட்டி மேய்த்த பாய்லருக்குப் பூதம் என்று பெயர். அங்கிருந்து அந்தச் சொல் அவரோடு வீட்டுக்கு வந்தது. படுக்கையறை அலமாரி பூதம், தெருவை அடைத்துக்கொண்டு வரும் லாரி பூதம், சலவைக்கூட மேலாளர் பூதம். மைத்துனர் வீட்டுக்கு வந்தால், "பூதம் வருது, அந்த ஆடுற நாற்காலியை எடுத்து உள்ள போடு" என்பார். கெட்டிலுக்கும் அதே கதை. காய்ச்சல் அடித்தால் உடம்பு கெட்டில். இரண்டு பேர் மூலையில் நின்று குசுகுசுத்தால், அங்கே கெட்டில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய மனைவி கெட்டில். ஏற்றி வைத்த மாத்திரத்தில் கொதிப்பாள், அக்கம்பக்கம் கேட்க விசிலடிப்பாள், இறக்கி வைத்தால் ஆறிவிடுவாள்.

அவளும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. நாலாவது மாடியில், ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஊரார் கால்சட்டைகளைக் குட்டையாக்கியும் இடுப்பைப் பெரிதாக்கியும் கொடுப்பவள். சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து அவசரப்படுத்துகிறவர்களுக்கு அவள் கொடுக்கும் பதில் லிஃப்ட் வரை கேட்கும். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அவர்களைச் சமாதானப்படுத்தி வழியனுப்புவது பாய்லர்காரரின் வேலை.

அந்தக் குரலைத்தான் தையல்காரி இப்போது மூட்டை கட்டி வைத்திருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ரத்த அழுத்தம் ஏறக்கூடாது, வீட்டில் சத்தமே இருக்கக்கூடாது. அவள் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். அறைக்குள் பூனை மாதிரி நடந்தாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் மெஷினை ஓட்டினாள். கெட்டிலின் மூக்கிலிருந்த விசிலைக்கூடக் கழற்றிப் பட்டன் டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். பாலில் நனைத்த ரொட்டியை அவர் மார்பெல்லாம் சிந்தினால் "பரவாயில்லங்க" என்றாள். மருந்தைத் துப்பினால் அதற்கும் "பரவாயில்லங்க". அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அந்த வீடு அதற்கு முன் ஒரே ஒரு சமயத்தில்தான் கேட்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அவர் "கெட்டில்" என்று கேட்க ஆரம்பித்தார். சும்மா கேட்கவில்லை, கட்டிலை இடது கையால் அறைந்து அறைந்து கேட்டார். டீ கொண்டுவந்தாள், இல்லை என்று தலையாட்டினார். வெந்நீர், இல்லை. ஒருவேளை குளிருகிறதோ என்று கம்பளியைப் போர்த்தினாள், உதறினார். புழுக்கமோ என்று ஜன்னலைத் திறந்தாள், அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. "என்னையா கூப்பிடுறீங்க? இதோ பக்கத்துலயேதான இருக்கேன்" என்று தேனாகக் குழைந்தாள். அதற்குத்தான் அவருக்கு எங்கிருந்தோ அத்தனை ஆத்திரம் வந்தது. "பூதம், பூதம்" என்று வாசல் கதவைக் காட்டிக் கத்தினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்று அவள் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மகள் வந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் தந்திருந்த படங்களைக் கட்டில்மேல் பரப்பினாள். அப்பா தயங்காமல் கெட்டில் படத்தை எடுத்தார், அதன் மூக்கை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். மகள் ஓடிப்போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சமையலறையில் மகள் அம்மாவின் தோளைத் தொட்டு, அப்பாவுக்கே என்ன வேண்டும் என்று தெரியவில்லை, மூளை அடிபட்டிருக்கிறது, இதற்கெல்லாம் அர்த்தம் தேடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தையல்காரியால் அப்படி விட முடியவில்லை. மைத்துனர் பூதம் எது, அலமாரிப் பூதம் எது என்று குரலை வைத்தே பிரித்துச் சொல்லக்கூடியவள் அவள். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் குப்பை கொட்டிவிட்டு, ஒரு மனிதன் ஒரே சொல்லை இத்தனை தடவை சொல்லியும் விளங்கவில்லை என்றால், அப்புறம் தான் என்ன மனைவி என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. அவர்மேலும் வந்தது. அதைச் சொல்லக்கூட முடியாதே என்ற எரிச்சல் இரண்டையும் விடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் மதியம் கெட்டிலையே தூக்கிக்கொண்டு வந்தாள். சூடு ஆறிய டீயோடு அதை அவருக்கு முன்னாலிருந்த சின்ன மேஜையில் வைத்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு சமையல்காரரின் வெள்ளைக் கோட்டு, கை வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, மாலையில் வாங்க வருகிறவருக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான கேட்டீங்க? பாருங்க. நல்லாப் பாருங்க" என்றாள் மெதுவாக.

விசில் இல்லாமல் மொட்டையாக இருந்த அதன் மூக்கை அவர் தட்டினார். பிறகு விரலை நீட்டி அவள் தொண்டையைக் காட்டினார். "கெட்டில்."

"டீ வேணுமா?"

இடது கை ஒரே வீச்சாக வீசியது. கெட்டில் உருண்டது. டீ மொத்தமும் வெள்ளைக் கோட்டின்மேல் போய் இறங்கியது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? காலையிலேர்ந்து குனிஞ்ச தலை நிமிராம தைச்சது! அந்த ஆள் வந்து நின்னா அவருக்கு உங்க மூஞ்சியையா காட்டுவேன்?"

மூட்டை அவிழ்ந்துவிட்டது. அதற்குமேல் அவளாலேயே நிறுத்த முடியவில்லை. கோட்டில் ஆரம்பித்து, துப்பிய மருந்துக்குப் போய், தலை சுற்றுகிறது என்று அவர் சொல்லாமல் மறைத்த நாட்களுக்குப் போய், கல்யாணத்துக்கு அவர் தாமதமாக வந்து சேர்ந்ததுவரை போனாள். ஈரத்துண்டைக் கதவின்மேல் போடுவதையும் நடுவில் சேர்த்துக்கொண்டாள். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு டாக்டர் ஞாபகம் வந்தார். கட்டிலுக்கு ஓடினாள்.

பாய்லர்காரர் தலையணையில் நன்றாகச் சாய்ந்திருந்தார். நல்ல பக்கத்து உதடு சிரித்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்தது.

"கெட்டில்" என்றார். கேட்கவில்லை, கூப்பிடவில்லை. வெகுநாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவளை வாசலில் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பரவாயில்ல" என்ற சொல்லை அந்த வீடு முதன்முதலில் கேட்டது இதே அறையில்தான். மாமியாரோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றவள், டாக்டர் கைவிரித்த பிறகு, கடைசி வாரம் முழுக்கப் பரவாயில்ல அத்தை, பரவாயில்ல அத்தை என்று இதே குரலில்தான் ஊட்டிவிட்டாள். அப்போது இவர்தான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தைகிட்ட பேசின மாதிரி பேசினேனா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு வாசல் கதவைக் காட்டி, பயந்த குரலில், "பூதம்?" என்றார்.

இந்தப் பூதம் எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அத்தையைக் கொண்டுபோனதுதான். அழுதால் இதையும் அவர் தப்பாக எடுத்துக்கொள்வார் என்று பயந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ஒரு பூதமும் வரல. வந்தா வாசலோட நிக்கும். நான் பேசிக்கிறேன்."

எழுந்து கோட்டை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வந்தாள். கறை அவ்வளவு லேசில் போகிற மாதிரி இல்லை. சொட்டச் சொட்ட அதன் ஒரு முனையை அவருடைய இடது கையில் திணித்தாள், மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு முறுக்க ஆரம்பித்தாள்.

"பிடிங்க" என்றாள். "பிடிக்கிற லட்சணமா இது? இறுக்கி."

அவர் இறுக்கிப் பிடித்தார். தண்ணீர் போர்வையெல்லாம் கொட்டியது.

"இன்னும் இறுக்கி" என்று அவள் போட்ட சத்தம் லிஃப்ட் வரை கேட்டது.