நான்காம் மாடியின் மூன்றாவது பெயர்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் பிரான்காச்சோ பகுதியில், பி கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருக்கும் மரியநாயகம் சாந்தரூபனை அந்தப் பகுதியின் காவலர்கள் ஐந்து பேரைத் தவிர, 2025 வரை, வேறு யாரும் அங்கே கண்டதில்லை. பெற்ற தாய் கண்டதில்லை. கூடப் பிறந்த தங்கை கண்டதில்லை. அவன் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்ததற்கு விமானச் சீட்டோ பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியோ கிடையாது. ஆனால் 2019ஆம் ஆண்டிலிருந்து அவன் பேரில் காவல் வரி தவறாமல் கட்டப்பட்டு வருகிறது. ரசீதுகள் இருக்கின்றன.

அந்த ஆண்டு ஆறு கட்டடங்களிலும் ஸ்கூட்டர் களவு கூடிப்போனதால், தங்களுக்கென்று தனிக் காவல் வேண்டும் என்று பகுதிச் சபை தீர்மானித்தது. மூடிக் கிடந்த மருந்துக்கடை ஒன்று காவல் நிலையமாயிற்று. செலவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் எழுதித் தரும்படி வாசலுக்கு வாசல் படிவம் வந்தது. விதிகள் மொத்தம் ஒன்பது. அவற்றில் நான்காவது: எவர் பேரில் வரி கட்டப்படுகிறதோ அவரைத் தினமும் ஒரு முறை நேரில் கண்டு பதிவேட்டில் குறிப்பது காவலரின் கடமை. ஐந்தாவது: நூறு பேருக்கு ஒரு காவலர், மிச்சமிருந்தால் அதற்கும் ஒருவர். மற்ற ஏழும் சீருடை பற்றியவை.

நான்காம் மாடியில் அப்போது இருந்தவர்கள் இரண்டே பேர். மொண்டெல்லோவில் கடற்கரை வீடுகளைத் துப்புரவு செய்யும் இராசம்மா, அதே ஊரில் ஓர் உணவகத்தில் பரிமாறும் மகள் வேணுகா. மகள் படிவத்தை நிரப்பினாள், தாய் அருகில் நின்று மூன்றாவது பெயரைச் சொன்னார். காணாமற்போன பிள்ளையின் பெயரை எந்தப் படிவத்திலும் விடாமல் எழுதுவது வன்னித் தாய்மாரின் வழக்கம். நிவாரண அட்டை, விசாரணைக்குழு, கோயில் அர்ச்சனைத் துண்டு, எதுவானாலும் சரி. ஓரிடத்தில் விட்டாலும் பிள்ளையைச் செத்தவனாகத் தாயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இலங்கைப் போர் முடிந்த 2009 மே மாதம், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று வட்டுவாகலில் இராணுவத்தால் பஸ்ஸில் ஏற்றப்பட்டபோது சாந்தரூபனுக்கு வயது பத்தொன்பது.

“அம்மா, இது தலைக்கணக்கு. இல்லாத ஆளுக்கும் சேர்த்துக் காசு கட்டச் சொல்லுவாங்கள்.”

“இல்லாத ஆள் எண்டு ஆர் உனக்குச் சொன்னது? எழுது.”

வேணுகா எழுதினாள். மூன்று பேருக்கு வரி வந்தது. இராசம்மா கட்டினார். பத்தாம் நாள் காலை, அந்த்ரேயா என்ற காவலர் வாசலில் வேணுகாவை நிறுத்தி, உன் அண்ணனிடம் சொல், மொட்டை மாடியின் விளிம்பில் உட்கார வேண்டாம், கைப்பிடிச் சுவர் பழுது என்றார். எனக்கு இங்கே அண்ணன் இல்லை என்றாள் வேணுகா. அந்த்ரேயா பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். பத்து நாளும் பத்துக் குறி இருந்தது. அடுப்படியில் நின்ற இராசம்மா கரண்டியோடு வெளியே வந்து, எந்தக் காதில் தழும்பு என்று கேட்கச் சொன்னார். அந்த்ரேயா தன் இடது காதின் கீழ் நுனியைக் கிள்ளிக் காட்டினார். இவ்வளவு இல்லை என்றார். ஷெல் துண்டு கொண்டுபோன அந்த நுனியைப் பற்றிப் படிவத்தில் ஒரு வரியும் கிடையாது.

அன்றே தாயும் மகளும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். துணிக்கொடியும் தண்ணீர்த் தொட்டிகளும் இருந்தன. அந்த்ரேயா கூடவே போய், இதோ, இரண்டாவது தொட்டிக்குப் பக்கத்தில், என்று கையைக் காட்டினார். வெயில் அடித்தது. அந்த இடத்தில் மட்டும் சீமெந்துத் தரை ஈரமாக இருந்தது. வேணுகா அதற்குப் பிறகு அங்கே உடுப்புக் காயப்போடப் போகவில்லை. வரி வாங்க ஆளை ஏமாற்றும் வேலை இது, காவலருக்குக் கிறுக்கு, அம்மாவுக்கு அதைவிடக் கிறுக்கு என்பதுதான் அவள் கட்சி.

காவலர்கள் யாருக்கும் சேதி கொண்டுபோகக் கூடாது, பாதுகாப்புப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம் என்று மேலிடம் உத்தரவு போட்டது. இராசம்மா, மகன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேட்பதை விட்டுவிட்டுப் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்கப் பழகினார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கேள்வி. உடுப்பில் இரத்தம் இருக்கிறதா? முதல் ஆண்டு முழுக்க இருந்தது. இரண்டாம் ஆண்டு காய்ந்துபோயிற்று. கைகள் எங்கே? 2021 தைப்பொங்கல் வரை முதுகுக்குப் பின்னால் இருந்தன, கம்பியால் கட்டியிருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அந்த்ரேயா தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை அசைத்துக் காட்டினார். 2022இல் காலில் செருப்பு வந்தது. 2023இல் மொட்டை மாடியிலிருந்து இறங்கிப் படிக்கட்டில் உட்காரத் தொடங்கினான். வரி ஒழுங்காகக் கட்டினால் ஆள் தேறுவான் என்ற முடிவுக்கு இராசம்மா வந்தார். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சின்யோரா என்றழைக்கும் இன்னொரு வீட்டுக்காரியின் துப்புரவு வேலையையும் எடுத்துக்கொண்டார்.

2024இல் ஜூலியா என்ற சபை உறுப்பினர் காவல் வரியை ஒழிக்கப் புறப்பட்டார். நியாயமான பெண்மணி. ஐந்து வருடத்தில் ஐந்து காவலர்களும் மீட்டது மூன்று ஸ்கூட்டர், அதிலும் ஒன்று அவர்களில் ஒருவருடையது என்று அவர் சொன்னபோது கூட்டம் சிரித்தது. நவம்பர் கடைசி ஞாயிறு வாக்கெடுப்பு. பட்டியலில் உள்ள வீடுகளில் வயது வந்தவர்கள் நேரில் வந்து போடலாம், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பது பொருட்டல்ல. ஜூலியா நான்காம் மாடிக்கும் வந்தார். இரண்டு பேர் இருந்துகொண்டு மூன்று பேருக்குக் கட்டுகிறீர்கள், வரி போனால் அதிக லாபம் உங்களுக்குத்தான் என்றார். நிலையத்தை மூடினால் அவன் எங்கே போவான் என்று இராசம்மா மகளைக் கொண்டு கேட்டார். ஜூலியா கோப்பைப் பார்த்தார். வரி கட்டப்படாதவர் யாருடைய பொறுப்பிலும் இல்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்காமலே இறங்கிப் போனார்.

மறுநாள் தொடக்கம் இராசம்மா வேலை முடிந்த கையோடு ஆறு கட்டடமும் ஏறினார். சலவை இயந்திரம் திருத்தும் பீலிக்ஸ், ஏ கட்டடத்தின் வாசலில், கிரீஸ் கையோடு அவரை மறித்தார்.

“அக்கா, வரியைக் குறை எண்டுதான் சனம் ஊர்வலம் போறது. வரி வேணும் எண்டு போற முதல் ஆள் நீங்கள்தான். சபையிலை சம்பளம் ஏதும் தாறாங்களோ?”

“உங்கடை வீட்டிலை ஆர் குறைவு, பீலிக்ஸ்?”

“விடுங்கோ அக்கா. அந்தக் கதை வேண்டாம்.”

“ஒக்டோபர் முடிவு வரைக்கும் பட்டியலிலை பேர் திருத்தலாமாம். நான் சொல்லிப்போட்டுப் போறன்.”

எல்லா வாசலிலும் அவர் கேட்டது அந்த ஒரே கேள்விதான். தமிழ் வீடுகளில் தமிழில், மற்ற வீடுகளில் தனக்குத் தெரிந்த நாலு இத்தாலியச் சொல்லில். சிசிலிக்காரருக்கும் அது புரிந்தது. அந்த ஊரிலும் மாஃபியா காலத்தில் காப்பி குடிக்கப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு, அவர்களைப் பற்றிக் கேட்டால் கதவைச் சாத்துகிற வழக்கமும் உண்டு. இரண்டாம் மாடி சின்யோரா இனெஸின் கணவன் 1988இல் பக்கத்துச் சியாகுல்லிக்கு மாண்டரின் தோடம்பழம் பறிக்கப் போனவன். அவள் கதவைச் சாத்தினாள். கால்மணி நேரம் கழித்துத் திறந்து, படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். மொரீசியஸ்காரர் தேவென் கடலில் விழுந்த தம்பியை எழுதினார். பீலிக்ஸ் கடைசி நாள் மாலை, நிலையம் பூட்டும் நேரத்தில் போய்த் தமையனின் பெயரை எழுதிவிட்டுத் திரும்பினார். திருத்தம் முடிந்தபோது பட்டியலில் அறுபத்தொரு பெயர் கூடியிருந்தது. நானூற்று தொண்ணூற்றாறு பேர் ஐந்நூற்று ஐம்பத்தேழு பேரானார்கள்.

அதன் பிறகு பி கட்டடத்தின் லிஃப்ட் ஆளில்லாமலே பாரம் கூடிவிட்டது என்று மணியடிக்கத் தொடங்கியது. திருத்துபவர் வந்து பார்த்துவிட்டு, லிஃப்டில் பிழை இல்லை, பாரம்தான் பிழை என்று எழுதிக் கொடுத்துப் போனார். படிக்கட்டில் ஏறுபவர்கள் சுவரோரமாக ஏறப் பழகினார்கள். நாய்கள் மட்டும் முதல் இரண்டு வாரம் மேலே வர மறுத்தன.

வாக்கெடுப்பில் வரி வேண்டும் என்று நூற்றெண்பத்தெட்டுப் பேரும் வேண்டாம் என்று நூற்றெழுபத்தொன்பது பேரும் போட்டார்கள். வேணுகா எந்தப் பக்கம் போட்டாள் என்று தாய் கேட்கவில்லை. ஜூலியா தோல்வியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். வெளியே போகும்போது வாசலில் நின்ற அந்த்ரேயாவிடம் ஒரு படிவம் வாங்கிக் கைப்பைக்குள் வைத்ததைப் பலர் பார்த்தார்கள்.

ஐந்தாவது விதிப்படி ஆறாவது காவலர் தேவைப்பட்டார். குளிர்காலத்தில் மொண்டெல்லோ உணவகங்கள் பூட்டிக் கிடந்தன. வேணுகாவுக்கு வேலை இல்லை, தாய் ஒருவருடைய சம்பளத்தில் மூன்று பேருக்கு வரி கட்டுவது இனி நடக்காது. எழுத்துப் பரீட்சைக்கு வந்த ஒன்பது பேரில் அவள் முதலாவதாக வந்தாள். 2025 மார்ச் மூன்றாம் திகதி காலை எட்டு மணிக்கு, தோளில் சற்றுத் தொளதொளத்த சீருடையில், முதல் சுற்றுக்குப் புறப்பட்டாள்.

இராசம்மா நான்காம் மாடி வாசலில் நின்றிருந்தார். கீழேயிருந்து சப்பாத்துச் சத்தம் வந்தது. முதலாம் மாடியில் ஒரு தடவை நின்றது, இரண்டாம் மாடியில் இனெஸின் வாசலில் கொஞ்சம் அதிகமாக நின்றது. மூன்றாம் மாடி தாண்டி வளைவில் வேணுகாவின் தலை தெரிந்தது. அங்கே அவள் நின்றுவிட்டாள். படியில் வெயில் ஒரு விரற்கடை நகரும் நேரம் அவள் அப்படியே நின்றாள்.

“அண்ணா,” என்றாள் கடைசியில், ஆளில்லாத படியைப் பார்த்து. “கொஞ்சம் தள்ளி இருங்கோ. ஆக்கள் ஏறி இறங்கிற பாதை.”

பிறகு தலையை நிமிர்த்தினாள்.

“அம்மா, இவருக்குத் தலை நரைச்சுப்போச்சு.”

“உங்கடை அப்பாவுக்கும் முப்பத்தைஞ்சிலை நரைச்சதுதான்,” என்றார் இராசம்மா. “என்னைப் பாக்கிறானோ?”

“ஓம். உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

இராசம்மா தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, மகள் பார்த்த, வளைவின் மூன்றாவது படியை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். வேணுகா பதிவேட்டைத் திறந்து நேரத்தைக் குறித்து, நான்காம் மாடி, மூவர், குறைபாடு இல்லை என்று எழுதினாள். சுவரோரமாக ஒதுங்கி மேலே ஏறி ஐந்தாம் மாடிக்குப் போனாள். அங்கே ஏழு பேர் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு வரி தலைக்கு மூன்று யூரோ கூடியது. பி கட்டடத்தில் யாரும் முணுமுணுக்கவில்லை.