பெயர் மறைத்த கேஸ்

டாக்டரம்மாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. புற்றுநோய்ப் பிரிவின் வாரக் கூட்டத்தில் நோயாளியின் பெயரை மறைத்துத்தான் கேஸைப் படிப்பார்கள். யாருக்கும் தயவு தாட்சண்யம் காட்டக் கூடாது என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே அவள்தான். இன்றைக்கு அதே வழக்கத்துக்குள் தன் சொந்த அக்காவை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அறுபத்திரண்டு வயசு. மார்புல சின்னக் கட்டி, எடுத்தாச்சு. அக்குள் பக்கம் பரவலை. ஹார்மோன் பாசிட்டிவ். மரபணு டெஸ்ட்ல திரும்ப வர்ற வாய்ப்பு கம்மின்னு வந்திருக்கு." மூச்சு விடாமல் அடுத்ததையும் சொல்லிவிட்டாள். "கீமோ குடுத்துடலாம்னு நினைக்கிறேன்."

தாடி சர்ஜன் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு? உலகம் பூரா கைட்லைன் ஒண்ணுதானே சொல்லுது? ரேடியேஷன், அப்புறம் ஹார்மோன் மாத்திரை. போதும்."

"ஒரு பாதுகாப்புக்கு..."

"போன மாசம் நான் இதைச் சொன்னதுக்கு என்னை வறுத்து எடுத்தீங்களே! நம்ம பயத்துக்கெல்லாம் மருந்து எழுதக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆயிரக்கணக்கான பெண்களிடம் சோதித்துப் பார்த்துத்தான் அந்த நெறிமுறையை எழுதினார்கள், வாஸ்தவம்தான். அந்த ஆயிரத்தில் ஒருத்திகூடத் தன் அக்கா இல்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

இதில் வேறொரு வம்பும் இருந்தது. டெஸ்ட் முடிவு வருவதற்கு முன்பே, அவசரக்குடுக்கை, அக்காவிடம் கீமோ என்று வாயை விட்டிருந்தாள்.

அவளுடைய அறையில் அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கீமோ வேண்டாம்."

அக்கா துணியை அவிழ்த்தாள். இடுப்பு வரை இருந்த முடியைக் காணோம். "கொத்துக் கொத்தாக் கொட்டுறதைப் பாக்க வேணாம்னு நேத்தே ஒட்ட வெட்டிட்டேன்."

தங்கை அந்தத் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"வேணும்னு சொன்னது யாருடி? டாக்டரா, தங்கச்சியா?"

"தங்கச்சி."

"இப்ப வேணாங்கிறது?"

"டாக்டர்."

"திரும்பி வராதுல்ல?"

"வராதுன்னு சத்தியம் பண்ண முடியாதுக்கா. கீமோ போட்டாலும் முடியாது."

"இதைச் சொல்ற தைரியம் என் தங்கச்சிக்கு ஏது?" என்றாள் அக்கா. "சரி, டாக்டர் சொன்னபடியே செய்வோம். மாத்திரையை எழுது. எழுதி முடிச்சதும் தங்கச்சியைக் கொஞ்சம் வரச்சொல்லு. எனக்குப் பயமா இருக்கு."