ஆற்றங்கரை வீட்டில் அழுத பேய்

பேய்க்கதை என்றால் எனக்கு உயிர். பயந்து சாவேன், ஆனாலும் கேட்காமல் விடமாட்டேன். அதனால் விஜயம், "அக்கா, ஒரு கதை சொல்லட்டுமா? கேட்டா குலை நடுங்கிடும்" என்றதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

விஜயத்தின் புருஷன் பட்டாபி என் கணவரோடு வேலை பார்ப்பவர். ஸ்ரீவராகத்துக்குக் குடிவந்த பிறகு ஏற்பட்ட பழக்கம். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானதில் ஆபீஸ் வேலை கூடிவிட்டதென்று இருவரும் ஜன்னலோரம் புலம்பிக்கொண்டிருந்தார்கள். வெளியே நல்ல மழை.

"ஆத்தங்கரையில ஒத்தை வீடு. சுத்தித் தென்னந்தோப்பு. கூப்பிட்டாக் கேக்க ஆளில்லை. அதுல ஒருத்தர் தனியாக் குடியிருந்தார். ராத்திரி முழிச்சுப் பாத்தா, தலையை விரிச்சுப் போட்டுண்டு ஒருத்தி உக்காந்து சேலைத் தொட்டிலை ஆட்டறா. தொட்டில்ல குழந்தை இல்லை!"

"அய்யோ!"

"வாயில முந்தானையைத் திணிச்சுண்டு சத்தமே வராம அழறா. நடுநடுவுல தொட்டிலை மூஞ்சியில வச்சு மோந்து பாக்கறா."

"அப்புறம்?" என்றேன். கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

அது நாங்கள் முன்பு கரமனையில் இருந்த வீடு. அழுதவள் நான். காய்ச்சலில் போன என் மகனின் வாசனை அந்தச் சேலையில் கொஞ்ச நாள் இருந்தது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டதுகூட இவர் தூக்கம் கெடக்கூடாதென்றுதான். ஒரு நாளும் எழுந்து வந்து ஆறுதல் சொல்லாத மனுஷனை, அசந்து தூங்குகிறவர், பாவம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன்.

"யாரு சொன்ன கதை இது?"

"உங்காத்துக்காரர்தான்! திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேப்போம். உங்ககிட்டச் சொன்னதில்லையா?"

"அந்த ஆளுக்குப் பெஞ்சாதி உண்டா?"

"இல்லையே, தனி ஆள்தானே."

"அவ அழும்போ அவரு என்ன செஞ்சாராம்?"

"என்ன செய்வார், பாவம்! கண்ணை இறுக்க மூடிண்டு தூங்கறாப்பல கிடப்பாராம். தினமும்."

"நானா இருந்தா ஓடியே போயிருப்பேன்" என்று பட்டாபி சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

மழை விட்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள். இவர் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"அப்போ உங்கிட்ட என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல்ல பகவதி. அதாக்கும்…"

"பேய்னு சொல்லத் தெரிஞ்சுதுல்லா?" என்றேன்.