வெறுங்காலில் நிற்கும் காடு

"அப்பா, மரமெல்லாம் செருப்பை எங்கே கழட்டி வச்சிட்டு உள்ளே வந்துச்சு?"

கபிரியேல் கோயிலின் காட்டுக்குள் தோளில் உட்கார்ந்து போனபோது ஐந்து வயது மிஸ்ரக் இப்படிக் கேட்டாள். மந்தெஃப்ரோ சிரித்தானே தவிர, பதில் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் குழந்தை போய்விட்டாள். அந்தக் காட்டுக்குள்ளேயே கிழக்கு ஓரத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். கேள்வி மட்டும் அவனோடு தங்கிவிட்டது.

தெப்ரே தாபோர் மேட்டுநிலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை உழுத மண்தான். கோயிலைச் சுற்றி மட்டும் காடு, பழுப்புச் சால்வையில் யாரோ ஒட்டுப்போட்ட பச்சைத் துணி மாதிரி. காலையில் மூடுபனி அதற்குள்ளிருந்து எழுந்து வரும். மாலையில் அதற்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும்.

காட்டைப் பார்க்க நகரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். காட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றக் கயிற்றோடு மல்லுக்கட்டுவார்கள். அண்ணாந்து பார்த்தபடியே நடந்து வேரில் இடித்துக்கொள்வார்கள். போன வருடம் வந்த ஓர் அம்மாள் மட்டும் குனிந்து மண்ணையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"தாத்தா மரம் இருக்கு, பாட்டி மரம் இருக்கு. பிள்ளைங்க எங்கே சாமி?" என்று பாதிரியாரிடம் கேட்டாள்.

முளைத்ததையெல்லாம் மாடுகள் மேய்ந்திருந்தன. பாதிரியார் தலைகுனிந்தார். பின்னால் நின்ற மந்தெஃப்ரோ கிழக்கு ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

அன்றுதான் சுவர் பேச்சு எழுந்தது. ஏரை மறிக்கும் கற்களைப் பொறுக்கி, காட்டை ஒட்டி அவரவர் வயலுக்கு நேரே உள்ள பங்கை அவரவர் எழுப்ப வேண்டும். கோடையில் புல் காய்ந்து, மாடுகள் பச்சையைத் தேடிக் காட்டுக்குள் புகுவதற்குள் முடித்தாக வேண்டும்.

மந்தெஃப்ரோவுக்குக் கிழக்குப் பங்கு வந்தது. மிஸ்ரக்கின் மண்மேட்டருகே ஒரு கோசோ மரக்கன்று விரலளவுக்கு முளைத்திருந்தது. மனைவி ஷித்தாயேயைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை. பாடுபட்டுச் சுவரை முக்கால்வாசி எழுப்பியிருந்தபோது ஒரு பெரிய கல்லைத் தூக்கினான், இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு மாடு நுழையும் அளவுக்கு இடைவெளி மிச்சமிருந்தது. அதற்கு நேர் உள்ளேதான் அந்த மரக்கன்று.

பக்கத்து வயல் வோர்க்கு பார்க்க வந்தான். "என்னண்ணே, எருதை ஓய்வெடுக்கச் சொல்லிட்டு நீயே ஏர் இழுத்தியா? என் பங்கே குட்டிச்சுவரா நிக்குது. இல்லேன்னா நான் வந்து கட்டியிருக்க மாட்டேனா?"

படுத்த படுக்கையில் மந்தெஃப்ரோவுக்கு ஒரே கனவு. மிஸ்ரக் முன்னால் நடக்கிறாள். மரங்கள் வெறுங்காலோடு, சத்தமில்லாமல், அவள் பின்னாலேயே வருகின்றன. எங்கோ ஒரு மாட்டு மணி கேட்டதும் எல்லாம் கலைந்துவிடும்.

மெல்ல எழுந்து நடக்க முடிந்த முதல் காலையில் கோலை ஊன்றிக்கொண்டு போனான். மூடுபனி விலக, சுவர் முழுதாக நின்றது. இடைவெளியே இல்லை. எட்டிப் பார்த்தான். கன்றில் புதிதாக இரண்டு இலைகள்.

"தேவதூதர் கபிரியேல்தான் இறங்கி வந்திருக்கார்" என்று ஷித்தாயே சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"கபிரியேலா? அவ்வளவு தூரம் வந்தவர் எனக்கும் நாலு கல்லு வச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா அண்ணி? நானும்தான் அவரைக் கும்பிடுறேன்" என்றான் வோர்க்கு.

மந்தெஃப்ரோ நம்பினான். கோயில் சுவரை முத்தமிடுவதுபோல, தினமும் காலையில் அந்த இடத்தையும் முத்தமிட்டான். ஒருநாள் உதட்டில் மேல்கல் வழுவழுவென்று பட்டது. தடவிப் பார்த்தான். கொத்துளித் தழும்புகள், குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. உடைந்த மாவரைக்கும் கல்லின் பாதி. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கல். விதவை எனானு அதைத்தான் தன் குடிசைக்கு வாசற்படியாகப் போட்டிருந்தாள்.

அன்றே அவள் வீட்டுக்குப் போனான். வாசலில் கல் கிடந்த இடத்தில் ஈரக் குழி.

"வாசக்கல் எங்கே எனானு?"

"காலை இடிச்சிக்கிட்டே இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன். உட்காருங்கண்ணே, காப்பி ஆறிடப்போகுது. கடைசியா மூணாவது சுத்து ஊத்துற வரைக்கும் இருப்பீங்களா, வழக்கம்போலப் பாதியிலேயே ஓடிருவீங்களா?"

அவன் எதிரே பார்த்தான். அவளுடைய சின்ன வயலில் மருந்துக்குக்கூட ஒரு கல் இல்லை. குழி ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் செருப்பின் வார் அறுந்து, புல்கயிற்றால் கட்டியிருந்தது. கல் சுமந்ததில் அறுந்திருக்கும். நன்றி சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். அவள் கடவுளுக்கு மட்டும் காட்டிச் செய்ததைத் தான் ஏன் வெளியே இழுக்க வேண்டும்? மூன்றாவது சுற்றுவரை இருந்து குடித்துவிட்டு வந்தான்.

அடுத்த கபிரியேல் திருநாளில் ஊரே வெள்ளைச் சால்வை போர்த்திக்கொண்டு காட்டுக்குள் போனது. மந்தெஃப்ரோ மட்டும் காட்டு வாசல் மரத்தடியிலேயே நின்றுவிட்டான். பூசைக்கு முன் விரதம் முறித்தவர்கள் உள்ளே போகாமல் நிற்கும் இடம் அது.

"என்னண்ணே, விடியுமுன்னே இஞ்சேரா ரொட்டியை ஒரு கை பார்த்தாச்சா?" என்று வோர்க்கு போகிற போக்கில் சீண்டினான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் வயிற்றோடு நின்ற மந்தெஃப்ரோ தலைகுனிந்து சிரித்துக்கொண்டான்.

கோயில் கதவு மூடியது. உள்ளே மத்தளமும் பாட்டும் தொடங்கின. வெளியே வேர்களுக்கிடையே ஊராரின் செருப்புகள் கிடந்தன. எனானுவின் செருப்பைத் தேடி எடுத்தான். புல்கயிற்றை அவிழ்த்தான். சால்வை முடிச்சிலிருந்து கோணி ஊசியையும், தன் உழவுச் சாட்டையிலிருந்து அறுத்து வைத்திருந்த தோல்வாரையும் எடுத்து, இரட்டைத் தையலாகப் போட்டான். இழுத்துப் பார்த்தான். கெட்டி.

நிமிர்ந்தபோது, சுற்றிலும் மரங்கள் தெரிந்தன. மண்ணை விட்டு வெளியே புடைத்த வேர்கள், வெடித்த பாதங்கள்போல.

"இதுங்க செருப்பே போட்டதில்லைம்மா" என்று மகளுக்கு மெல்லச் சொன்னான். "எப்பவும் உள்ளேயேதான் நிக்குதுங்க."

செருப்பை முன்பு இருந்த இடத்தில், முன்பு இருந்தபடியே திருப்பி வைத்தான். புல்கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, மூடுபனி இன்னும் கலையாத கிழக்குப் பக்கமாக நடந்தான்.