தையலோரம் வெட்டாதே

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஆம்புலன்ஸ் வந்து சேருமுன் ஓடிப்போய் உயிரைப் பிடித்து வைக்கிற தொண்டர் வேலைக்குப் பயிற்சி எடுக்க என் மருமகள் கிளம்பினாள். சம்பளம் கிடையாது. சும்மா நடக்கிற எதையும் நான் நம்புவதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கருணையே வடிவான ஒரு பெண்..."

[அடித்துவிட்டேன். பித்தான் ஒன்று குறைந்தால் கடைக்காரனை ஓட ஓட விரட்டுகிறவள் அவள்.]

2

அவள் இருபது வருஷத் தையல்காரி. அங்கேதான் வந்தது வினை.

பயிற்சிக் கூடத்தில் சட்டை போட்ட ரப்பர் பொம்மை. அதற்கு இதயம் நின்றுவிட்டதாம். சட்டையை வெட்டி, நெஞ்சைத் திறந்து, இதயத்தை மறுபடி துடிக்கவைக்கிற மின்சாரப் பட்டை ஒட்ட வேண்டும். கத்தரி கைக்கு வந்ததும் இவள் பக்கத்துத் தையலைத் தேடி, நூலோடு நூலாக நிதானமாக வெட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மறுபடி தைக்கலாமே என்று!

"அம்மா, ஆள் போய்ட்டாரு," என்றாராம் பயிற்சியாளர். "சட்டை மட்டும் நல்லா இருக்கு."

தேர்வு போச்சு. மறுதேர்வு நாளைக்கு. அதிலும் போனால் வீட்டுக்குத்தான்.

[இதை நான் நேரில் பார்க்கவில்லை, அவளே சொன்னாள். தன் மானத்தைத் தானே கப்பலேற்றும் கதையை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள். அதனால் நம்பினேன்.]

3

"விட்டுடும்மா. தையக்காரிக்கு எதுக்கு டாக்டர் வேல?" என்றேன்.

"போன மாசம் தெருமுனையில ஒரு மனுஷன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்தப்ப பத்து பேர் நின்னு வேடிக்க பாத்தோம், மாமா. நானும் நின்னேன். இன்னொரு தடவ நிக்க மாட்டேன்."

[இதற்கு நான் சொன்ன பதிலென்று நாலு வரி எழுதி அடித்தேன். உண்மையில் நான் கேட்டது, பழகிப் பார்க்க ஆள் வேண்டுமா என்றுதான்.]

4

நேற்று சாயங்காலம் பொம்மைக்குப் பதில் நான் படுத்தேன். அவள் எனக்குத் தைத்த சட்டைகளிலேயே நல்லதைப் போட்டுக்கொண்டேன். கந்தலை யார் வேண்டுமானாலும் வெட்டுவார்கள்.

தோளைத் தட்டினாள். "ஐயா, கேக்குதா?"

"கேக்குது."

"மூச்சில்லாதவரு பதில் சொல்லக் கூடாது, மாமா."

"நீ போடுற சத்தத்துக்குச் செத்தவனும் எந்திரிச்சிருவான்."

"வாய மூடுங்க!"

மூடினேன். கத்தரியின் குளிர் வயிற்றில் பட்டது. கை தையலோரம் போனது. நின்றது. பிறகு நடுவில், கீழிருந்து கழுத்துவரை, சரசரவென்று ஏறியது. அவள் முகம் சுளித்தது. கை சுளிக்கவில்லை.

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் தேறுகிறாள், நான் அழுகிறேன். [பொய். நான் அழமாட்டேன்.] மற்றதில் பயிற்சியாளர் தலையை ஆட்டி... [மேலே எழுதக் கை வரவில்லை.]

இரண்டையும் கிழித்துவிட்டேன். தேர்வாளர் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். எழுபது வருஷமாகக் குற்றம் கண்டுபிடித்தே பழகியவன் நான். தரையில் மல்லாந்து கிடந்து தேடினேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நீங்கள் மார்க்குப் போடுங்கள். ஆனால் யோசித்துப் போடுங்கள். அடுத்துத் தரையில் கிடக்கப்போவது யார் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.