எதிர்ப்பக்கம்

அவளுடைய அப்பா காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். கூடத்தின் ஒரு முனையில் மரப்பெட்டி மேல் ஏறி நின்று அவர் குரல் கொடுத்தால், மறுமுனையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவன் தலையைத் தூக்கிப் பார்ப்பான். மைக் வாங்கித் தருகிறோம் என்று சங்கத்துக்காரர்கள் சொன்னபோது, "தொண்டை கெட்டுப்போனவனுக்குக் குடுங்க" என்று சிரித்தவர். ஒருநாள் கூவிக்கொண்டிருக்கும்போதே வாய் ஒருபக்கம் கோணி, பெட்டியிலிருந்து சரிந்து வெங்காய மூட்டைகள் மேல் விழுந்தார்.

உயிர் பிழைத்தது. வலது கை போய்விட்டது. காலை இழுத்து இழுத்து நடந்தார். புத்தியில் குறை ஒன்றுமில்லை. செய்தித்தாளில் தலைப்புகளைப் படித்து உதடு பிதுக்குவார், டிவியில் யாராவது உளறினால் முகத்தைச் சுளிப்பார். பேச்சு மட்டும் தடம் மாறிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் "குடை" என்றார். வலிக்கிறது என்பதற்கு "ஜன்னல்". அம்மாவை "ஞாயிறு" என்று கூப்பிட்டார், மகளை "சாவி" என்று. தப்பாக வருகிறது என்பது அவர் காதிலேயே விழும். நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி முயல்வார். மறுபடியும் குடைதான் வரும்.

நலம் விசாரிக்க வந்த மைத்துனரைப் பார்த்து அவர் பாசமாக "பூசணி, பூசணி" என்றபோது, அம்மா சமையலறைக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இத்தனை வருஷமா எங்க அண்ணனைப் பத்தி மனசுலயே வச்சிருந்திருக்காரு பாரேன்!"

வீட்டுக்குள் பழகிவிட்டது. வெளியில்தான் பாடு. முடிவெட்டும் கடையில் மீசையைத் தொடாதே என்று சொல்ல அவருக்கு வாயில் வந்த வார்த்தை "வழி". கையை ஆட்டி ஆட்டி "வழி, வழி" என்று கத்தினார். கடைக்காரர் நன்றாகவே வழித்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். மருந்துக்கடைப் பையன்கள் அவரைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். அதன்பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை.

மகள் கலைக்கல்லூரியில் புத்தக வடிவமைப்பு படித்தாள். கடைசி வருடம். ஆய்வுக்கு ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தைத் தாங்களே வடிவமைத்து, அச்சிட்டு, கட்டிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மற்றவர்கள் தலைப்பு தேடி அலைந்துகொண்டிருக்க, அவளுக்கு அது வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

"அப்பா, உங்க வார்த்தையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போடறேன். இந்தப் பக்கம் நீங்க சொல்றது. எதிர்ப்பக்கம் அதுக்கு அர்த்தம். கடைக்குப் போனா விரிச்சுக் காட்டினாப் போதும்."

அவர் இடது கையால் மேஜையை ஓங்கித் தட்டினார். ஏலம் முடிந்தால் தட்டுகிற அதே தட்டு.

அன்றிலிருந்து மத்தியானங்களில் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். அவள் பொருளைக் காட்டுவாள், நடித்துக் காட்டுவாள், அவர் சொல்வார். நெற்றியில் வியர்வை வழியும். அவள் போதும் என்றாலும் விடமாட்டார். முடிவெட்டும் கடைக்கு, மருந்துக்கடைக்கு, பஸ்ஸுக்கு, சந்தைக்கு என்று அவரே வரிசை வைத்திருந்தார். கடைசியில் ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. "கதவு பச்சை" என்றார். அவள் எந்தக் கதவு என்று கேட்டாள். அவர் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டி, இல்லை இல்லை என்று தலையாட்டினார். "கதவு பச்சை. கதவு பச்சை!"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாதான் கண்டுபிடித்தாள். "எனக்குப் பைத்தியம் இல்லைங்கறாருடி."

அப்பா பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு அவள் முன்னால் கிடந்த மாதிரிப் புத்தகத்தைப் பிரித்து, முதல் பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினார். அது அங்கேதான் வர வேண்டும்.

அவளுடைய வழிகாட்டி ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் கத்தரி. எதைக் கொண்டுபோனாலும் பாதியை வெட்டிவிடுவார். அவர் மாதிரிப் புத்தகத்தைப் புரட்டினார், நிறுத்தினார், எதிர்ப்பக்கங்களை ஒரு வெள்ளைத்தாளால் மறைத்து மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"அர்த்தத்தை எல்லாம் எடுத்துடு."

"மேடம், அர்த்தம்தானே..."

"அர்த்தம் இருந்தா இது ஆஸ்பத்திரியில சும்மா குடுக்கற கையேடு. இப்ப பாரு. குடைன்னு ஒரு பக்கம். எதிர்ல ஒண்ணுமே இல்ல. படிக்கிறவன் தவிப்பான்ல?"

"அப்பா இதைக் கடைக்கு எடுத்துட்டுப் போகணும்னு நெனச்சிட்டிருக்காரு."

"அதுக்கென்ன, அவருக்குத் தனியா ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடு. நாம பேசறது உன் புத்தகத்தைப் பத்தி."

அன்று மாலை கம்ப்யூட்டர் அறையில் அவள் எதிர்ப்பக்கத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு வேகமாக. பெரிய எழுத்தில் ஒற்றை வார்த்தை, பக்கத்தில் வெறும் வெள்ளை. பார்க்கப் பார்க்க அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. நான்கு வருடத்தில் அவள் செய்த எதுவும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை. அப்பாவுக்கு வேறொன்று பிறகு போட்டுக்கொள்ளலாம்.

அச்சகத்திலிருந்து போன் வந்தது. "எதிர்ப்பக்கம் எல்லாம் காலியா ஓடுதும்மா. மெஷினை நிறுத்தியிருக்கேன். ஃபைல்ல ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்லண்ணே, அப்படித்தான். ஓட்டுங்க."

தாள் அவளே தேர்ந்தெடுத்தது, லேசான மஞ்சள் ஓடிய தடித்த தாள். மடித்த தாள்களை அவளே நூலால் தைத்தாள். புத்தகம் விரித்தால் மூடிக்கொள்ளாமல் மேஜையில் தட்டையாகக் கிடக்க வேண்டும் என்று முதுகை இரண்டு தரம் பிரித்துக் கட்டினாள். அட்டைக்குச் சாம்பல் நிறத் துணி. ஓரத்தில் வழிந்த பசையை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

வீட்டில் அம்மா கேட்டாள், "அந்த மீசை வார்த்தையைப் போட்டியா?"

"போட்டிருக்கேம்மா."

"முதல் பக்கத்துல அவர் சொன்னது?"

"அதுவும் இருக்கு."

இரண்டும் பொய் இல்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மீசை மறுபடி முளைத்திருந்தது.

கண்காட்சி நாளன்று அவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, வெகுநாளைக்குப் பிறகு வாசலைத் தாண்டினார். ஆட்டோவில் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கூடத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு மேஜை, மேலே ஒரு விளக்கு. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், கத்தரி, மாணவர்கள் எல்லோரும் அவள் மேஜையைச் சுற்றித்தான் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அம்மா அப்பாவை முன்னால் கூட்டி வந்தாள்.

அவர் துணி அட்டையைத் தடவினார். முதல் பக்கத்தைத் திறந்தார். கதவு பச்சை. எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். தாளைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். பின்பக்கத்தில் இருக்குமோ என்று திருப்பினார். அடுத்தது, அதற்கடுத்தது. குடை. வழி. ஞாயிறு. சாவி. இடது கைக்குப் பழக்கமில்லாததால் பக்கங்கள் கசங்கின. "அப்பா, மெதுவா," என்றாள் மகள்.

அவர் வெள்ளைப் பக்கத்தை விரலால் தட்டினார். "சாவி?" என்றார். மறுபடி தட்டினார். "சாவி?"

"இவர்தானா அது?" தேர்வாளர் முகம் மலர்ந்தது. "ஐயா, நீங்களே ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்களேன்."

கேட்கிறார்கள் என்று அவர் நம்பிவிட்டார். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தார்கள். இனி புரியவைத்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றார். நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றி, தலையை ஆட்டி, "கதவு பச்சை," என்றார். யாரும் அசையவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். பிறகு சந்தையில் கூவிய குரல் எங்கிருந்தோ முழுசாக வந்துவிட்டது. "கதவு பச்சை! கதவு பச்சை! கதவு பச்சை!" கூடம் அதிர்ந்தது. பக்கத்து அறையிலிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும் கைதட்டினார்கள்.

"அபாரம்! என்ன ஒரு படிமம்!" என்றார் தேர்வாளர். அவளிடம் திரும்பினார். "உண்மையில என்ன சொல்றாரு அவர்?"

அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். "சொல்லுடி. என்ன சொல்றாருன்னு சொல்லு."

அப்பாவும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கத்தரி வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார்.

"அதை வாசகர்களுக்கே விட்டுட்டேன் சார்," என்றாள் மகள்.

தேர்வாளர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அப்பா மேஜை விளிம்பைப் பிடித்தபடி, "ஜன்னல்," என்றார். யாருக்கும் கேட்காத குரலில் இன்னொரு முறை, "ஜன்னல்." யாரோ அதற்கும் கைதட்டினார்கள். அம்மா அவர் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப் போனாள். மகள் பின்னால் போகவில்லை. அடுத்த கேள்வி கேட்டுவிட்டார்கள்.

அந்த வருடம் முதலிடம் அவளுக்குத்தான். புத்தகம் கல்லூரி நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. யாரோ எடுத்த வீடியோ எல்லோர் போனிலும் ஓடியது. பாடம் புரியாவிட்டால் "கதவு பச்சைடா" என்று சொல்லிக்கொள்வது கேன்டீனில் வழக்கமானது. முதல் தடவை காதில் விழுந்தபோது மேஜையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சிரித்து வைத்தாள்.

வீட்டில் அப்பா வாயைத் திறக்கவே இல்லை. தண்ணீருக்கு டம்ளரைக் காட்டினார். வலித்தால் கண்ணை மூடிக்கொண்டார். வாரம் ஒருமுறை வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், "நல்லா முன்னேறிட்டு வந்தாரே, ஏன் திடீர்னு நிறுத்திட்டாரு?" என்று கேட்டாள். அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு, "நீ கொஞ்சம் வெளியில இரு. நீ இருந்தா அவர் முயற்சியே பண்ண மாட்டேங்கறாரு," என்றாள்.

அவள் அழித்த எழுத்துகளையெல்லாம் திரும்ப அடித்து, அர்த்தத்தோடு இன்னொரு புத்தகம் போட்டாள். சட்டைப்பையில் வைக்கிற அளவு, தண்ணீர் பட்டாலும் கெடாத அட்டை. கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தபோது அம்மா துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது இப்ப எதுக்கு?"

"கடைக்குப் போகும்போது அப்பா..."

"அவர்தான் அந்த வார்த்தை ஒண்ணுகூடச் சொல்றதில்லையே. எதை விரிச்சு எதைக் காட்டுவாரு?" அம்மா புத்தகத்தை வாங்கி, மடித்த துணிகளுக்கு அடியில் வைத்தாள். "பசிக்குதா? சோறு இருக்கு. போட்டுச் சாப்பிடு."

வேறு ஊரில் ஒரு பதிப்பகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். போனில் அம்மா பேசுவாள். அப்பா இப்போது சரியான வார்த்தைகளையே ஒன்றிரண்டு சொல்கிறார், பயிற்சிக்காரப் பெண் குழந்தைக்குச் சொல்லித் தருகிற மாதிரி சொல்லித் தருகிறாள் என்றாள். அவரிடம் கொடு என்றால், போனில் மூச்சுச் சத்தம் கேட்கும். பிறகு மறுபடி அம்மா வருவாள்.

மழைக்காலத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்தது அப்பாதான். மெலிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் வாயைக் குவித்து, பாதி திறந்து, தேடி எடுத்துச் சொன்னார்.

"வாங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பா! சரியா சொல்லிட்டீங்களே!"

அவர் வழிவிட்டு ஒதுங்கி, நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. சமையலறைக்குப் போய் அம்மா காதோரம் சிரித்துக்கொண்டே கேட்டாள், "என்னம்மா, எனக்குப் போய் வாங்க போங்கன்னு மரியாதையெல்லாம் குடுக்கறாரு? அந்தப் பொண்ணு அப்படித்தான் சொல்லித் தந்திருக்காளா?"

அம்மா அடுப்பைத் தணித்தாள்.

"வெளியாளுங்க வந்தா சொல்லணும்னு அதைச் சொல்லித் தந்தா. வீட்டு ஆளுங்களுக்கு 'வா'ன்னும் சொல்லித் தந்திருக்கா," என்றாள். "என்னை அப்படித்தான் கூப்பிடறாரு."