விண்ட்ஜாமர் என்றால் ஆள் கொடு

வெள்ளிக்கிழமை மத்தியானம் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், கடை வாசலில் டிரில் மெஷின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மெர்ல் ட்ரெசைஸ் ஏணி போட்டு ஏறி என் கடைப் பலகையின் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ‘விண்ட்ஜாமர் மீன் வறுவல் கடை’ என்ற பலகை அது. நீல எழுத்து, பக்கத்தில் நான்கு பாய்மரம். பதினெட்டு வருடமாக அந்தப் பெயரில்தான் என் பிழைப்பு.

கையில் மாவோடு வெளியே ஓடினேன். அவள் இறங்கவில்லை.

"பேரு மட்டும் வேணும், ஆள் தர மாட்டியா நெவ்?" என்றாள். "ஆள் இல்லன்னா பேரும் இல்ல. அவ்வளவுதான்."

மெர்ல் எங்கள் ஊர் கால்பந்து கிளப்பின் செயலாளர். கால்பந்து என்றால் பக்கத்துக்குப் பதினெட்டு பேர், பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் எங்கள் ஆஸ்திரேலிய ஆட்டம். கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் வேலை. முப்பது வருடமாக அணியின் சட்டைகளை அவள் வீட்டு மெஷினில்தான் துவைக்கிறாள். பிடித்தால் உடும்புப் பிடி. அந்த வாரம் அவள் பிடித்திருந்தது கிளப்பின் பெயரை.

விஷயம் இதுதான். போர்ட் ஹெரியட் விண்ட்ஜாமர்ஸ் என்ற எங்கள் அணி அந்த சீசனில் ஏற்கெனவே ஒரு ஆட்டத்தை ஆள் பற்றாமல் விட்டுக்கொடுத்திருந்தது. இளவட்டம் எல்லாம் சுரங்க வேலைக்குப் பறந்துவிட்டது. லீக் விதிப்படி பதினெட்டு பேர் இல்லாவிட்டாலும் பதினான்கு பேராவது களத்தில் இருக்க வேண்டும், அதுவும் கடைசி சைரன் வரைக்கும். இன்னொரு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் எங்களை ஆல்டர் கோவ் ஸ்டோக்கர்ஸ் அணியோடு சேர்த்துவிடுவார்கள். அவர்கள் பெயர், அவர்கள் சட்டை, அவர்கள் மைதானம். மிச்சமிருந்ததோ ஒரே ஒரு ஆட்டம், அதுவும் அந்த ஸ்டோக்கர்ஸோடுதான். எங்களிடம் இருந்தது எட்டு பேர்.

ஆல்டர் கோவ்காரனுக்கு நாங்கள் என்றால் தாத்தன் காலத்திலிருந்தே இளக்காரம். அந்தக் காலத்தில் அவன் ஊரில் ஆழமான துறை, நீராவிக் கப்பல் வந்து ஒட்டி நிற்கும். ஸ்டோக்கர் என்றாலே அந்தக் கப்பலின் அடுப்பில் கரி போடுகிறவன். எங்கள் விரிகுடாவில் பாய்க்கப்பல்தான், அதுவும் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகளைப் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். பாய்க்கப்பல்காரனை நக்கலடிக்க நீராவிக் கப்பல்காரன் வைத்த பெயர்தான் விண்ட்ஜாமர். காற்றைப் பாயில் திணித்துத் திணித்துப் பிழைக்கிற பயல் என்று அர்த்தம். ஆல்டர் கோவ்காரன் அதை மைதானத்தில் எங்களைப் பார்த்துக் கத்தினான். எங்கள் பெரியவர்கள் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த வாரமே அதைச் சட்டையில் எழுதிப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பெயர் படாத பாடில்லை. ஊர் மதுக்கடை விண்ட்ஜாமர். கேரவன் பார்க் விண்ட்ஜாமர். ஜனெல் முடிவெட்டும் கடை விண்ட்ஜாமர். கல்யாணத்துக்கெல்லாம் வாசிக்கும் பாட்டுக் குழு விண்ட்ஜாமர்ஸ். அடிலெய்டில் அந்தப் பெயரில் ஐஸ்கிரீம் இருக்கிறது, நீச்சலுடை இருக்கிறது, ஒரு பந்தயக் குதிரைகூட இருந்து கடைசியாக ஓடி வந்தது. டிவி தொடரில் ஒரு துப்பறிகிறவனுக்கும் அதுதான் பட்டப்பெயர். அவனுக்குக் கப்பலில் ஏறினால் வாந்தி வரும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். கடை வைத்தபோது பெயர் யோசிக்க எனக்குச் சோம்பல். எதிரே மதுக்கடைப் பலகை தெரிந்தது, எழுதிவிட்டேன்.

மெர்ல் என்ன செய்தாள் என்றால், இந்த விண்ட்ஜாமர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்றாள். பெயரை எடுத்தாய் அல்லவா, ஆளைக் கொடு என்றாள். மதுக்கடையிலிருந்து ஊற்றிக்கொடுக்கிறவன் ஒருவன். கேரவன் பார்க்கின் புல்வெட்டி ஒருவன். ஜனெல் தன் புருஷனைக் கொடுத்தாள், அவனைக் கேட்காமலே. பாட்டுக் குழுவில் டிரம்ஸ்காரனும் கிட்டார்காரனும். பதின்மூன்று ஆகிவிட்டது. பதினான்காவது நான்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது, இடது முழங்கால் ஏற்கெனவே சரியில்லை. வருடா வருடம் மைதான வேலியில் விளம்பரப் பலகைக்குப் பணம் கட்டுகிறேனே, போதாதா என்று கேட்டேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. என்னைக் கேட்காமலேயே ஆட்டக்காரனாகப் பதிவும் செய்திருந்தாள், வயதைக்கூடச் சரியாகப் போட்டு. பலகையைக் கழற்றித் தன் காரின் பின்னால் வைத்துப் பூட்டிக்கொண்டு போனாள். என் மனைவி க்ளெண்டா ஜன்னலில் நின்று சிரித்தாளே தவிர, ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மீனெல்லாம் கருகிப்போனது.

ஆனாலும் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனேன். வாசலில் பலகை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு நீள்சதுரம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கடை திறக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆல்டர் கோவ் மைதானத்தைச் சுற்றி அவர்கள் காரெல்லாம் மூக்கை உள்ளே நீட்டி நின்றன. கோல் விழுந்தால் ஹாரன் அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆல்டர் கோவ்காரன் அதிலும் தனி. எல்லோரும் சேர்ந்து ஒரே நீள ஹாரனாக அடிப்பார்கள், நீராவிக் கப்பல் துறைக்கு வருகிற மாதிரி. ஆட்டம் நான்கு கால்பகுதி; முதல் கால்பகுதியிலேயே ஏழு கப்பல் வந்துவிட்டது. என்னைக் கோலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள், ஓட வேண்டியதில்லை என்று. எனக்கு எதிரே டாரில் ஸ்கோபி, செம்மறியாட்டுக்கு ரோமம் வெட்டுகிறவன், கதவு மாதிரி அகலம். சிப்ஸ் விலையை ஏன் ஏற்றினாய் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே கோல் போட்டான்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? நாங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டோம். டிரம்ஸ்காரன் மூக்கில் ரத்தம், பஞ்சு அடைத்துக்கொண்டு ஓடினான். ஜனெல் புருஷன் வாந்தி எடுத்துவிட்டு ஓடினான். ஒருவனும் வெளியே போகவில்லை.

மூன்றாவது கால்பகுதி முடியப் போகும்போது நான் ஒரு பந்துக்குத் தாவினேன். யார் தாவச் சொன்னார்கள்? ரத்தம் சூடேறினால் புத்தி எங்கே இருக்கிறது? இறங்கும்போது இடது முழங்காலில் ஏதோ நழுவியது. வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்ட்ரெச்சரை எடு என்று யாரோ சொன்னார்கள். டாரில் குனிந்து, கெட்ட எண்ணமில்லாமல்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

"படுத்துக்க நெவ். முடிஞ்சு போச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

நான் வெளியே போனால் பதின்மூன்று. பதின்மூன்று என்றால் விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு. அடுத்த வருடம் என் ஊர்ப் பிள்ளைகள் ஸ்டோக்கர்ஸ் என்று போட்டுக்கொண்டு ஓடும். மெர்ல் தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் மண்டி போட்டாள். அவள் முகத்தை முப்பது வருடமாகப் பார்க்கிறேன், பயந்து பார்த்தது அன்றைக்குத்தான். போகாதே என்று அவள் சொல்லவில்லை. ரொம்ப வலிச்சா போ நெவ், பரவாயில்லை என்றுதான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் பலகையை ஏணி போட்டுக் கழற்றியவள் ‘பரவாயில்லை’ என்று சொல்லலாமா?

"என்னைத் தூக்கி விடு," என்றேன்.

"நிக்க முடியுமா?"

"முடியாது. அந்தக் கம்பத்துல சாத்தி வை."

கோல் கம்பத்தில் மோதி யாருக்கும் அடிபடாமல் இருக்க மெத்தை சுற்றியிருப்பார்கள். கிட்டார்காரனும் மெர்லும் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் அதில் சாய்த்தார்கள். நடுவர் விதிப்புத்தகம் முழுக்க மனசுக்குள் புரட்டிப் பார்த்திருப்பார். கம்பத்தில் சாயக்கூடாது என்று எங்கும் இல்லை. கடைசிக் கால்பகுதி முழுக்க ஒற்றைக் காலில், மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பந்து என் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. நீராவிக் கப்பல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் எனக்குக் கோபம் வந்தது, கோபம் வர வர நிற்பதும் சுலபமாக இருந்தது. அந்தப் பெயரை நான் சோம்பலில் எடுத்தேன் என்பதெல்லாம் அப்போது மறந்தே போயிற்று. அது என் பெயர், நான் விடுவதாக இல்லை.

கடைசிச் சைரன் அடித்தபோது இருபத்தாறு கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்தோம். களத்தில் பதினான்கு பேர் இருந்தோம். நடுவர் விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

உடை மாற்றும் கொட்டகையில் பையன்கள் தோள்மேல் கை போட்டு வட்டமாக நின்றுவிட்டார்கள். என்னையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். டிரம்ஸ்காரன் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து கிளப் பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்தான். மெர்ல் அழுக்குச் சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நிறுத்து," என்றாள். "ஜெயிச்சாத்தான் அந்தப் பாட்டு. தோத்துட்டு எந்த விண்ட்ஜாமரும் பாடினதில்ல. அடுத்த சீசனுக்கு மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை பயிற்சி. பாடணும்னா வாங்க."

தாளம் நின்றுவிட்டது. ஆனால் ஜனெல் புருஷன் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

திங்கட்கிழமை மெர்ல் என் பலகையோடு வந்தாள். நான் உறைந்த சிப்ஸ் பொட்டலத்தை முழங்காலில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய நான்கு ஸ்க்ரூவையும் போட்டாள். பிறகு பையிலிருந்து விரல் நீளத்தில் புதிதாக இன்னும் நான்கு எடுத்து, ஓரங்களில் இறக்கினாள். ஏணியில் நின்றபடியே இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இனி யாராலயும் கழட்ட முடியாது," என்றாள்.

"நீ வந்தா?"

அவள் இறங்கி வந்து டிரில்லைப் பெட்டியில் வைத்து மூடினாள். "நானே வந்தாலும்," என்றாள். பிறகு வறுத்த மீன் ஒன்று கேட்டாள், நான் காசு வாங்கவில்லை.